மூடினால் தூங்கட்டும்

லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் அது தூங்க வேண்டும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ள வேண்டும். நடுவில் பேட்டரி கரையக் கூடாது, பை சுடக் கூடாது. ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளிடம் இதைவிடச் சின்ன எதிர்பார்ப்பு ஒன்றை வைக்க முடியாது. ஆனால், கடந்த சில ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் கணிசமானவை இந்த வேலையில் தடுமாறுகின்றன. இது ஏதோ தவறிப்போய் நேர்ந்த கோளாறு அல்ல. தெரிந்தே எடுத்த ஒரு முடிவின் பலன். அந்த முடிவை எடுக்கும்போது காசு கொடுத்து வாங்குகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

நான் டிவைஸ் டிரைவர் எழுதிப் பிழைப்பவள். வைஃபை, டச்பேட், கேமரா, ஸ்பீக்கர், திரை எனக் கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று பேசும் நிரலுக்கு அந்தப் பெயர். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மொத்த வரிகளில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதனாலேயே குடும்பத்தில் எவர் வீட்டு பிரின்டர் மக்கர் செய்தாலும் என் போன்தான் அடிக்கும்.

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்வருகிறவள். ஒரு மாலை நேராக என் வீட்டுக்கு வந்து, தோள்பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

“அத்தை, இதைத் தொட்டுப் பாருங்க. எப்படிச் சுடுது!”

“ஆஃப் பண்ணித்தானே வெச்சே?”

“மூடி வெச்சேன்.”

“மூடினியா, ஆஃப் பண்ணினியா?”

“மூடினா ஆஃப்தானே அத்தை?”

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என்றால், ‘ஏறக்குறைய ஆமாம்’ என்று சொல்லியிருப்பேன். பையைத் திறந்தால் உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரெக்கார்டு நோட்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில், காற்று போக வழியில்லாத துணிக்குள். காலையில் முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனதாம். பகல் முழுக்க மூடியே கிடந்தும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பிராண்டைச் சொல்லப்போவதில்லை. இது ஒரு பிராண்டுக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை கொடுத்தேன். விண்டோஸ் வைத்திருக்கும் எவரும் கொடுத்துப் பார்க்கலாம். ‘பவர்சிஎஃப்ஜி’ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் ‘ஏ’ என்ற எழுத்தும் போட்டால் போதும். இந்தக் கணினிக்கு எந்தெந்தத் தூக்க நிலைகள் உண்டு, எவையெல்லாம் இல்லை என்று இரண்டு பட்டியல்கள் வரும். அவளுடையதில் ‘உண்டு’ பட்டியலில் ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ இருந்தது. எஸ்3 என்னும் பழைய தூக்கம் ‘இல்லை’ பட்டியலில் இருந்தது. அதன் அடியிலேயே காரணமும் போட்டிருந்தது: இக்கணினியின் ஃபர்ம்வேர் இந்த நிலையை ஆதரிக்கவில்லை. ஃபர்ம்வேர் என்பது ஹார்டுவேருக்குள்ளேயே பதிந்து வரும் அடிப்படை நிரல்.

இந்த இரண்டு தூக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று புரிந்தால்தான் பை ஏன் சுட்டது என்பது புரியும்.

எஸ்3 தூக்கத்தில் நடப்பதை லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸிலும் சாரம் இதுதான். மூடியைச் சாத்தியதும், ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் எல்லாம் இருந்த நிலையிலேயே உறைய வைக்கப்படுகின்றன. 20 விநாடிக்குள் உறையாமல் ஒன்று முரண்டு பிடித்தாலும் தூங்கும் முயற்சியே கைவிடப்படும். அடுத்து டிரைவர்களின் முறை. கெர்னல் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொல்லும்: புது வேலை எதையும் வாங்காதே, கையில் இருப்பதை முடி, உன் சாதனத்தின் நிலையைக் குறித்து வைத்துக்கொள், கரண்ட் போகப்போகிறது. இதற்கு வரிசை உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும்போது உள்ளறைகளைப் பூட்டிய பிறகுதானே வாசலைப் பூட்டுவோம்? திரும்பி வந்தால் வாசல்தான் முதலில் திறக்கும். அப்படியே, டச்பேட் முதலில் தூங்க வேண்டும். அது தொங்கிக்கொண்டிருக்கும் தகவல் தடத்தின் கன்ட்ரோலர் அதற்குப் பிறகு. எழும்போது கன்ட்ரோலர் முதலில், டச்பேட் பின்னால்.

எல்லா டிரைவரும் ‘ஆயிற்று’ என்று சொன்ன பிறகு, ப்ராசஸர் கட்டுப்பாட்டை ஃபர்ம்வேரிடம் ஒப்படைக்கிறது. ரேம் நினைவகத்துக்கும் எழுப்புவதற்கு வேண்டிய ஓரிரு பகுதிகளுக்கும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ரேம் மட்டும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு நம் பாதி எழுதிய கடிதத்தைக் காத்து வைத்திருக்கும்.

எழுந்திருப்பது இதைவிடக் கஷ்டம். டிரைவரின் கையில் இப்போது கிடைப்பது எதுவுமே ஞாபகம் இல்லாத ஒரு சாதனம். வைஃபை சிப் தன் சொந்த ஃபர்ம்வேரையே மறந்திருக்கும். அதை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தனி நினைவகம் இருந்தால் அதில் இருந்ததெல்லாம் போயிருக்கும். தூங்குவதற்கு முன்னாலேயே ரேமுக்கு மாற்றி வைத்திருக்க வேண்டும். ரேமில் இடமில்லை என்றால்? டிஸ்க்கில் தள்ள வேண்டும். ஆனால், டிஸ்க் அதற்குள் தூங்கியிருந்தால்? இந்த மாதிரி முடிச்சுகளை அவிழ்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

தவறு எப்படி நுழைகிறது என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். டச்பேட் டிரைவரே போதும். தூங்கச் சொல்லி அழைப்பு வந்ததும் அது செய்ய வேண்டியவை இரண்டு. விரல் பட்டால் வரும் இன்டரப்ட் என்ற குறுக்கீட்டை அடைப்பது ஒன்று. டச்பேடுக்குத் தூக்கக் கட்டளை அனுப்புவது இன்னொன்று. எழுதியவர் இன்டரப்டை அடைக்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒன்றும் ஆகாது. ஆனால், மூடியைச் சாத்தும் கையின் கட்டைவிரல் டச்பேடின் ஓரத்தில் ஒரு கணம் பட்டால், இன்டரப்ட் வரும். ‘என்ன தொடுகை?’ என்று படிக்க டிரைவர் ஓடும். அதற்குள் கீழே இருக்கும் கன்ட்ரோலருக்கு மின்சாரம் நின்றிருக்கும். மின்சாரம் இல்லாத சாதனத்தின் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டரைப் படித்தால் பூஜ்யம் வரும் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அப்படி வராது. எல்லா பிட்டும் ஒன்றாக வரும். ‘நான் வேலையாக இருக்கிறேன்’ என்பதைக் குறிக்கும் பிட்டும் அதில் ஒன்று. டிரைவர் என்ன செய்யும்? அது ஓயட்டும் என்று காத்திருக்கும். செத்துப்போன சாதனம் வேலையை முடிக்கட்டும் என்று, காலவரம்பே இல்லாமல்.

மூடிய லேப்டாப்புக்குள் ப்ராசஸர் இப்படி ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருப்பதை யார் பார்ப்பார்கள்? சோதனைக் கூடத்தில் இது அகப்படவே அகப்படாது. அங்கே லேப்டாப்பை மூடுவது கட்டைவிரல் உள்ள மனுஷி இல்லை, ஒரு ஸ்கிரிப்ட். மூடி திறந்தபடியே இருக்க, ஸ்கிரிப்ட் தூங்கச் சொல்லும், எழுப்பும், மறுபடி தூங்கச் சொல்லும். ராத்திரி முழுக்க ஓடி, காலையில் பச்சை விளக்கு காட்டும்.

பிழையைத் தேடுவதும் சாமானியக் காரியம் இல்லை. எழும் வழியில் கணினி நின்றுபோனால் திரை உயிர்பெற்றிருக்காது, டிஸ்க் எழுந்திருக்காது. எங்கே நின்றது என்று எழுதி வைக்க ஓர் இடம் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் ரேமில் இருந்த தடயமும் போய்விடும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2006இல் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். எல்லாம் அணைந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் பாகம் ஒன்று கணினியில் உண்டு: தேதியும் மணியும் காட்டும் கடிகாரச் சிப். எந்த டிரைவரை எழுப்பிக்கொண்டிருக்கிறோம் என்ற தகவலைச் சுருக்கி ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணைத் தேதியாகவும் மணியாகவும் வேஷம் கட்டி அந்தச் சிப்பில் எழுதிவிடுவது. நின்றுபோனதும் சில நிமிடத்துக்குள் மறுபடி இயக்கினால், கெர்னல் கடிகாரத்தைப் படித்துக் குற்றவாளி யார் என்று காட்டிக்கொடுக்கும். அதற்கு விலை, உங்கள் கணினியின் தேதி எந்தக் காலத்துக்கோ போயிருக்கும். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் மிக அழகான நிரல் அதுதான் என்பேன். ஒரு கடிகாரத்தை மரண வாக்குமூலம் எழுத வைத்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை இந்தத் தொழிலைப் பற்றி என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட எஸ்3க்காகவா வக்காலத்து வாங்குகிறாய் என்று கேட்கலாம். ஆமாம். காரணம் ஒன்றுதான். எஸ்3இல் டிரைவர் எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும், தூக்கம் வந்துவிட்டால் அதன் கையில் ஒன்றும் இல்லை. மின்சாரத்தைத் துண்டிப்பது ஹார்டுவேர். எழும்போது வைஃபை வராமல் போகலாம், திரை கறுப்பாகவே நிற்கலாம். ஆனால், தூங்கும்போது பேட்டரியைத் தின்ன அதனால் முடியாது. தின்பதற்கு அங்கே கரண்டே இல்லை.

எஸ்0இல் துண்டிப்பவர் என்று ஒருவர் கிடையாது. விண்டோஸ் உலகில் இதற்கு ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்று பெயர். கணினி உண்மையில் விழித்த நிலையிலேயே இருக்கிறது. திரை அணைகிறது, செயலிகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன, ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தைத் தானாக முன்வந்து மிகக் குறைந்த மின்நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லோரும் போனால்தான் ப்ராசஸர் சிப் மொத்தமும் ஆழ்ந்த நிலைக்கு இறங்கும். ஒரே ஒரு யுஎஸ்பி சாதனம், ஒரே ஒரு எஸ்எஸ்டி, ஒரே ஒரு ஆடியோ சிப் ‘நான் இன்னும் தயாரில்லை’ என்றால் மொத்தக் குடும்பமும் விழித்திருக்கும். அன்றைக்கு அண்ணன் மகளின் பைக்குள் நடந்ததும் அந்த ரகம்தான். விண்டோஸிலேயே ‘ஸ்லீப் ஸ்டடி’ என்றொரு அறிக்கை எடுக்கலாம். முன்பு சொன்ன அதே கட்டளையில் ‘ஏ’க்குப் பதில் அந்த இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் ஒட்டித் தட்டினால் வரும். மூடியிருந்த ஒவ்வொரு பொழுதிலும் எந்தச் சாதனம் விழித்திருந்தது என்று வரிசையாகக் காட்டும். அவளுடைய அறிக்கையில் முதல் வரியில் இருந்தது வைஃபை. ரயிலில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அது எதையோ தேடிக்கொண்டே வந்திருக்கிறது.

முன்பு, ஒரு மோசமான டிரைவரின் தண்டனை அந்தச் சாதனத்தோடு முடிந்தது. இப்போது அது பேட்டரிக்கும், பேட்டரியின் ஆயுளுக்கும், சில சமயம் பைக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. லித்தியம் பேட்டரியைக் கெடுக்கும் விஷயங்களில் இரண்டு: சூடு, அடிமட்டம்வரை தீர்ந்துபோவது. நம் ஊர் மே மாதத்தில் மூடிய பைக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இந்த இடத்துக்கு எப்படி வந்தோம்?

1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் தூக்கம் முழுக்க முழுக்க பயாஸ் என்ற ஃபர்ம்வேரின் பொறுப்பு. இயங்குதளத்துக்குப் பல நேரம் என்ன நடக்கிறது என்றே தெரியாது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற தரத்தை வெளியிட்டன. இனிமேல் இயங்குதளம்தான் எஜமான். ஃபர்ம்வேர் தகவல் தரும், ஏவலைச் செய்யும். எஸ்0 முதல் எஸ்5 வரை நிலைகள், ஒவ்வொரு சாதனத்துக்கும் டி0 முதல் டி3 வரை நிலைகள் என எல்லாம் அந்தத் தரம் வகுத்தவை. நல்ல வடிவமைப்புதான். அதன் கூடவே அரசியலும் வந்தது. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் நிறுவனத்துக்குள் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று பின்னாளில் அமெரிக்காவின் அயோவா மாநில வழக்கில் சான்றாக வெளியே வந்தது. நாம் பாடுபட்டு ஏசிபிஐ வேலையைச் செய்து, பாடுபடாத லினக்ஸும் அதில் சுகமாக ஓடினால் வருத்தமாக இருக்காதா, இதை விண்டோஸோடு மட்டும் கட்டிப்போட வழி உண்டா என்று யோசிக்கும் கடிதம் அது. பல லேப்டாப்களின் ஃபர்ம்வேர் இன்றைக்கும் ‘நீ எந்த விண்டோஸ்?’ என்று கேட்கும். லினக்ஸ் கூச்சமில்லாமல், ‘நீ கேட்ட அந்த விண்டோஸ்தான்’ என்று பதில் சொல்லும். உண்மையைச் சொன்னால், யாரும் சோதித்தே பார்க்காத பாதையில் ஃபர்ம்வேர் போய் விழும். பொய்தான் பத்திரமான பதில்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எந்தச் செயலியும் ‘இப்போது தூங்க முடியாது’ என்று மறுக்கலாம். மூடிய லேப்டாப் அந்த மறுப்பால் பைக்குள் வெந்தது அப்போதே நடந்ததுதான். அதற்கு அடுத்து வந்த விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் அந்த உரிமையைப் பிடுங்கியது: மூடினால் தூங்கியே ஆக வேண்டும், விடைபெற இரண்டு விநாடி அவகாசம். அவர்கள் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. வெறும் ஆறு வருஷத்தில், 2012இல், விண்டோஸ் 8 ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’யைக் கொண்டுவந்தது. ஸ்மார்ட்போன் மாதிரி லேப்டாப்பும் மூடிய நிலையில் மின்னஞ்சல் வாங்க வேண்டும், திறந்த நொடியில் ஒளிர வேண்டும் என்ற ஆசை. அதுதான் வளர்ந்து இன்றைய மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆயிற்று. முதலில் இரண்டு தூக்கமும் பல மாடல்களில் இருந்தன. விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றிப் பழையதுக்குத் திரும்பலாம். 2020இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அந்தப் பழைய வழி அடைபட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் புது ப்ராசஸர்களோடு வந்த மாடல்கள் பலவற்றில் எஸ்3 ஃபர்ம்வேரிலிருந்தே காணாமல் போனது. ரெஜிஸ்ட்ரியை என்ன நோண்டினாலும், இல்லாததை வரவழைக்க முடியாது.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. எஸ்3இலிருந்து எழுவது மெதுவானது. ஃபர்ம்வேர் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு தனித் தலைவலி. ஆப்பிளின் லேப்டாப்கள் விழித்த நிலைக்கு நெருக்கமாக இருந்தும் பேட்டரியை அதிகம் தின்பதில்லை. போன்கள் வருஷக்கணக்கில் இப்படித்தான் இருக்கின்றன. ஆகவே யோசனை தவறில்லை. ஆனால், ஆப்பிளில் சிப்பும் இயங்குதளமும் முக்கியமான டிரைவர்களும் ஒரே கூரையின் கீழ் எழுதப்படுகின்றன. கூகுளின் குரோம்புக்கில் தூங்கவைத்து எழுப்பும் சோதனையை ஒரு மாடல் வெளிவரும் முன் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். தவறினால் யாரிடம் கேட்பது என்பது தெரியும். நாம் வாங்கும் நடுத்தர விலை விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபை ஒருவருடையது, டச்பேட் இன்னொருவருடையது, எஸ்எஸ்டி அந்த மாதம் எது மலிவாகக் கிடைத்ததோ அது. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் எழுதியவர் வேறு. அத்தனை பேரும் குறையே இல்லாமல் எழுதியிருந்தால்தான் கணினி தூங்கும் என்ற திட்டத்தை, அத்தனை பேரையும் அறிந்த நான் நம்ப மாட்டேன்.

ஒரு டிரைவரில் தூங்குவதும் எழுவதும் கடைசியில் எழுதப்படும் பகுதி. தகவல் போய்வர வேண்டும், வேகம் வர வேண்டும், டெமோ காட்ட வேண்டும். பிறகு நேரம் இருந்தால் சஸ்பெண்ட், அதாவது தூக்கம். மேலாளர்களுக்கு அது கண்ணில் தெரியும் அம்சம் இல்லை. விமர்சனம் எழுதுகிறவர்களும் வீடியோ ஓடவிட்டு எத்தனை மணி நேரம் என்று அளப்பார்களே தவிர, மூடிவைத்துவிட்டுத் தூங்கி எழுந்து காலையில் சதவீதம் பார்ப்பவர் அபூர்வம்.

சர்வீஸ் கடையில் போய்க் கேட்டால் ‘ஷட்டவுன் பண்ணிட்டு வைங்க சார்’ என்பார்கள். ஒரு பெரிய லேப்டாப் நிறுவனத்தின் உதவிப் பக்கமே, எந்தத் தூக்க நிலையிலும் பைக்குள் வைக்காதீர்கள், அணைத்துவிட்டு வையுங்கள் என்று எச்சரித்தது. தூக்கம் என்ற வசதியை விற்றவர்களே அதைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் கூத்து. இதில் இன்னொரு வேடிக்கை, ஷட்டவுனும் ஷட்டவுன் இல்லை. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற அமைப்பு உண்டு. அது இயங்கினால், ஷட்டவுன் கொடுக்கும்போது உங்கள் செயலிகள் மூடப்படும். ஆனால், கெர்னலும் டிரைவர்களும் டிஸ்க்கில் படம்பிடித்து வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படும். குழம்பிப்போன வைஃபை டிரைவர் குழம்பியபடியே எழும். ‘அணைத்து அணைத்துப் போட்டேன் சரியாகவில்லை, ரீஸ்டார்ட் கொடுத்தேன் சரியாகிவிட்டது’ என்று சொல்கிறவர்களை எவரும் நம்புவதில்லை. அவர்கள் சொல்வது முழு உண்மை. ரீஸ்டார்ட்தான் நிஜமான ஷட்டவுன்.

அண்ணன் மகளுக்கு நான் செய்து கொடுத்தது, மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றியது. நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும். கன்ட்ரோல் பேனலில் பவர் பகுதியில் இதை எவரும் மாற்றிக்கொள்ளலாம். பையில் லேப்டாப் சுமக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். எழுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். “பரவாயில்லை அத்தை, ரயில்ல பை சுடாம இருந்தா போதும்” என்றாள். திறந்த நொடியில் ஒளிரும் திரை வேண்டும் என்று யார் கேட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இது தனி ஆளின் தந்திரத்தால் தீர வேண்டிய விஷயம் இல்லை. தயாரிப்பாளர்களால் முடியும் என்பதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. 2018இல் லெனோவோ தன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மாடலை எஸ்3 இல்லாமல் விற்றது. லினக்ஸ் பயனர்கள் சத்தம் போட்டார்கள். அதே ஆண்டில் பயாஸ் புதுப்பிப்பு ஒன்றில், எந்தத் தூக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு வரி வந்தது. பூட்டியிருந்த கதவைத் திறக்க ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் போதுமானதாக இருந்தது. இன்றைய சிப்களில் சிலவற்றில் அது அவ்வளவு எளிதாக இராது. சிப் தயாரிப்பாளரே எஸ்3ஐச் சோதிப்பதை நிறுத்திவிட்டால் லேப்டாப் நிறுவனம் தனியாக என்ன செய்யும்? அதனால்தான் வாங்குகிறவர்களின் பக்கத்திலிருந்து அழுத்தம் வேண்டும் என்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் கொண்டுவந்த கணினி விதிமுறை, தூங்கும் லேப்டாப் 3 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்றது. சுவரில் செருகியிருக்கும் கணினியை மனதில் வைத்து எழுதிய வரம்பு அது. 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப் தூக்கத்தில் 3 வாட் தின்றால் 17 மணி நேரம்கூடத் தாங்காது. அந்த அளவுகோல் நமக்கு உதவாது. இங்கே ஏசியையும் ஃபிரிட்ஜையும் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை இல்லாமல் விற்க முடியாது. வாங்கப்போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். லேப்டாப் பெட்டியின் மேல் ‘மூடிய நிலையில் ஓர் இரவில் குறையும் பேட்டரி: இத்தனை சதவீதம்’ என்று ஒரு வரி அச்சடிக்கச் சொல்வதில் என்ன சிரமம்? அளப்பதற்கு விசேஷக் கருவிகூட வேண்டாம்.

தமிழக அரசு இதில் வெறும் பார்வையாளர் இல்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. தொடங்கிய காலம் எப்படிப்பட்டது என்று நினைவிருக்கும். 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகம். சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பை மூடிவைத்து, மின்வெட்டில் திறந்து படித்த பிள்ளைகள் அவர்கள். அந்த லேப்டாப்கள் வேகத்துக்குப் பேர் போனவை இல்லை. ஆனால், மூடினால் தூங்கின. 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ கொடுப்பதாக அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த நிறுவனமும் காது கொடுக்கும். ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி, திரையின் அங்குலம் என்று டெண்டர் ஆவணங்களில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் எழுதுவது வழக்கம். அவற்றோடு இன்னும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறேன்.

அந்தப் பத்தி இப்படி இருக்கலாம். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வைஃபையும் ப்ளூடூத்தும் இயங்கும் நிலையில், சார்ஜரைக் கழற்றி, கையால் மூடி, 10 மணி நேரம் ஒரு மூடிய பைக்குள் வைக்க வேண்டும். பேட்டரி 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 வாட்-மணி பேட்டரியில் அது சராசரியாகக் கால் வாட், சரியாக எழுதப்பட்ட டிரைவர்களுக்கு எட்டாத இலக்கு இல்லை. விசிறி சுற்றக் கூடாது. இதே சோதனை, நிறுவனம் வாரண்டிக் காலத்தில் அனுப்பும் ஒவ்வொரு டிரைவர் புதுப்பிப்புக்குப் பிறகும் தேற வேண்டும். தேறாவிட்டால், எஸ்3ஐத் தேர்ந்தெடுக்கும் வசதியை பயாஸில் தர வேண்டும். அதுவும் முடியாதென்றால், மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி அமைத்துத்தான் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். ‘கையால் மூடி’ என்பதை மட்டும் டெண்டர் எழுதுகிறவர்கள் தயவுசெய்து அடித்துவிடக் கூடாது.